ஒரு நாள் கருத்தரங்கும் ஒரு பதாகையும் போதுமா? பாடசாலையில் மாணவர் துன்புறுத்தலைத் தடுப்பது பற்றி

கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். நீங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில், 300 பிள்ளைகள் அளவில் படிக்கும் ஒரு பாடசாலையில் இரண்டாவது வருடமாகப் படிப்பிக்கிறீர்கள். தரம் 8 பெடியன் ஒருவன் மற்றவர்களின் தொல்லை தாங்காமல் வராமல் நின்றுவிட்டான். அதன்பிறகு அதிபர் துன்புறுத்தல் தடுப்பு வேலைத்திட்டம் ஒன்றைச் செய்யச் சொல்லி உங்களிடம் பொறுப்புத் தந்திருக்கிறார். ஒரு நிறுவனம் ஒரு நாள் கருத்தரங்கு, பதாகை, ரீசேட் எல்லாம் தருவதாகச் சொல்கிறது. சக ஆசிரியர்கள் மாணவத் தலைவர்களை வைத்துக் கண்காணித்தால் போதும் என்கிறார்கள். இவை பலன் தருமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் "வெளிநாட்டுத் திட்டங்கள் எங்கட இடத்துக்குச் சரிவருமா, கணக்குக்கே ஆசிரியர் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கிளிநொச்சிப் பக்கம் நீண்டகாலம் கணிதம் படிப்பித்தவள். பிறகு வழிகாட்டல் ஆலோசனைக்கான பயிற்சி பெற்று அந்த வேலையையே கூடுதலாகச் செய்துவருகிறேன். வைத்தியரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. ஆகவே ஆய்வுகள் சொல்வது எது, என் அனுபவத்தில் நான் சொல்வது எது என்று பிரித்துச் சொல்கிறேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: ஒரு நாள் கருத்தரங்கால் ஒன்றும் ஆகாது. ஒழுங்காகச் செய்த வேலைத்திட்டம் உதவும், ஆனால் அளவோடுதான் உதவும். அந்த உதவியும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் புத்திமதியால் வருவது மிகக் குறைவு. பெரியவர்கள் எங்கே நிற்கிறோம், எதைப் பார்க்கிறோம், பார்த்தவுடன் என்ன செய்கிறோம் என்பதால்தான் வருகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஆசிரியர் ஓய்வறையில் முதலில் ஒரு உடன்பாடு வேண்டும். இதில்தான் பல பாடசாலைகள் வழுக்குகின்றன. இரண்டு தரம் 9 பெடியள் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று அடிபட்டால் அது சண்டை. நான்கு பேர் சேர்ந்து ஒருவனை, ஷெல்லில் போன அவன் தகப்பனின் காலைச் சொல்லி, தினமும் கூப்பிடுவது வேறு. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, தாங்குகிற பிள்ளையால் எதிர்த்து நிற்க முடியாத பலம் மறுபக்கம் இருப்பது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நாங்கள் பேசும் விஷயம். இந்த வரையறையைத் தந்தவர் நோர்வேயில் பேர்கன் நகரில் வேலை செய்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ். 1982 இல் வடக்கு நோர்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று நாடு முழுக்கக் கொந்தளிப்பு. அடுத்த வருடமே அரசாங்கம் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க நடக்கும் பாடசாலைத் திட்டங்களில் பல அந்த 1983 இன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். (நோர்வே என்றதும் எங்கள் ஊரில் சிலர் அவர்கள் நடுவில் நின்ற 2002 போர்நிறுத்தத்தை நினைத்துச் சிரிப்பார்கள் என்று தெரியும். இது வேறு விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒல்வேயஸின் முதல் மதிப்பீட்டில் துன்புறுத்தல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதி என்ற எண்ணை இன்றும் கருத்தரங்குகளில் எடுத்துக் காட்டுவார்கள். நம்பி ஏமாறாதீர்கள், அந்த அளவு வேறு இடங்களில் பெரும்பாலும் திரும்ப வரவில்லை. ஃபாரிங்டன், ட்டோஃபி என்ற இரண்டு ஆய்வாளர்களும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் பல நாடுகளின் மதிப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பிந்திய கணக்கில் 100 மதிப்பீடுகள் வரை இருந்தன. சராசரியாகத் துன்புறுத்துவது 19–20 சதவீதமும், துன்பப்படுவது 15–16 சதவீதமும் குறைந்திருந்தது. உங்கள் பாடசாலைக்கு இதை மாற்றிச் சொன்னால், 100 பிள்ளைகளில் 20 பேர் இப்போது துன்பப்படுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நல்ல திட்டத்துக்குப் பிறகு 17 பேர். கேட்கச் சின்னதாக இருக்கும். அந்த மூன்று பேரில் ஒருவன் உங்கள் தரம் 8 பெடியனாக இருந்தால் சின்னதில்லை. ஆனால் பாடசாலையே மாறிவிடும் என்று அதிபருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த தவணையில் அவர் உங்களைத்தான் கேட்பார்.

இவ்வளவும் ஓரளவு உறுதியானது. எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதிலும் சில விஷயங்கள் தெளிவு: முழுப் பாடசாலையும் சேர்ந்து செய்வது, எழுதிவைத்த விதி, பெற்றோருக்குத் தகவல், பாதிக்கப்பட்ட பிள்ளையோடு தனியாக வேலை செய்வது, விளையாட்டிடத்தில் பெரியவர் நிற்பது. வகுப்பில் மட்டும் பாடம் எடுத்துவிட்டுப் போகும் திட்டங்கள் பலவீனமானவை. வயதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2009 இலிருந்து நாடு முழுக்கப் போன கிவா என்ற திட்டம் தரம் 4 முதல் 6 வரை நன்றாக வேலை செய்தது, தரம் 7 முதல் 9 வரை பலன் குறைந்தது. ஆகவே தரம் 10 இலிருந்து தொடங்குவோம், அங்கேதான் பிரச்சினை கூட என்று யாராவது சொன்னால், தரம் 5, 6 ஐ விட்டுவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். சின்ன இடத்திலிருந்து பெரிய பாடசாலைக்கு வந்து சேரும் தரம் 6 பிள்ளைகள்தான் முதல் தவணையில் அதிகம் அடிவாங்குகிறார்கள். இது என் அனுபவம்.

கிவாவின் மையக் கருத்து எனக்குப் பிடித்தது. அடிப்பவனும் அடிவாங்குபவனும் மட்டும் இல்லை, சுற்றி நிற்பவர்கள்தான் காட்சியை நடத்துகிறார்கள் என்று அதை உருவாக்கிய ஆய்வாளர் கிறிஸ்டினா சல்மிவல்லி காட்டினார். கூட நிற்பவன், சிரிப்பவன், பார்த்தும் பார்க்காதவன் போலப் போகிறவன், தடுப்பவன். டொரொன்டோப் பாடசாலை முற்றங்களில் கமராவை வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், சக பிள்ளை ஒருவர் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகள் 10 விநாடிக்குள் எல்லாம் நின்றது. ஆகவே வகுப்பில் நேரம் செலவழிப்பதென்றால் சிரிக்கிற பெடியளோடு செலவழியுங்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, பயம்தான். அடுத்த முறை தங்கள் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம்.

இனி எங்கட இடத்துக்கு வருவோம். எங்களுக்கு மிகக் கிட்ட நிற்கும் ஆய்வு நோர்வேயோ பின்லாந்தோ இல்லை, பீகார். அங்கே நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளில், தரம் 9 பிள்ளைகளோடு, சேஹர் என்ற திட்டத்தைப் பரீட்சித்தார்கள். பெரிய செலவில்லாத சாமான்கள்: காலைப் பிரார்த்தனையில் பேசுவது, சுவர்ச் சஞ்சிகை, மனதில் உள்ளதை எழுதிப் போடும் பெட்டி, மாணவர் குழு, தேவையான பிள்ளைக்குத் தனியாக ஆலோசனை. ஒரு பகுதிப் பாடசாலைகளில் இதை ஆசிரியர் ஒருவர் செய்தார். இன்னொரு பகுதியில் தொழில்முறை ஆலோசகர் இல்லாத, ஆனால் இதற்கென்றே பயிற்றப்பட்ட ஒருவரைப் பாடசாலையில் இருத்தினார்கள். முடிவு 2018 இல் வெளிவந்தது. தனி ஆள் இருந்த பாடசாலைகளில் துன்புறுத்தல், அடிதடி, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன. ஆசிரியர் செய்த பாடசாலைகளில் ஒன்றுமே மாறவில்லை. ஒன்றுமே. ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்பதில்லை, அவர்களுக்கு வேறு நூறு வேலை. கணக்குக்கே ஆசிரியர் இல்லை என்று நீங்கள் எழுதினீர்களே, அதே கதைதான்.

வடக்கிலேயே செய்த ஆய்வு ஒன்றும் உண்டு, ஆனால் அது துன்புறுத்தலைப் பற்றியதில்லை, போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றியது. 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள், 5 வாரத்தில் 15 அமர்வுகள், பாட்டு, நாடகம், விளையாட்டு எல்லாம் சேர்ந்தது. 2012 இல் வெளிவந்த முடிவு கலவையானது. அடிதடி, பொய், முரட்டுத்தனம் போன்ற நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன, மற்றபடி பொதுவான முன்னேற்றம் பெரிதாக வரவில்லை, பெண்பிள்ளைகளில் அதிர்ச்சியின் பாதிப்பு அமர்வில் சேராதவர்களைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஆறியது. நல்ல நோக்கத்தோடு செய்தால் தீங்கு வராது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் "உங்களுக்கு நடந்ததை எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்று எழுப்பி நிறுத்தும் பயிற்றுநரை உள்ளே விடாதீர்கள்.

எங்கள் பிள்ளைகள் எதைச் சொல்லிக் குத்துகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். கறுப்பு, கட்டை, குண்டு, திக்குவாய் என்பவை எங்கும் இருப்பவை. வன்னிக்கென்று சில இருக்கின்றன. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் தோட்டக்காட்டான் என்று கூப்பிடும் வாய்கள் இருக்கின்றன. சாதியைச் சொல்லாமல் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சாதியைச் சொல்வது இருக்கிறது. காலனிப் பெடியன், அம்மா மட்டும் இருக்கிற வீடு, முன்னாள் போராளி என்று புனர்வாழ்வு முகாமுக்குப் போய்வந்த தகப்பன், காணாமல் போன மாமா. இப்போது படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள், போர் முடிவில் சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை அவர்கள் கதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் குத்துகிற சொற்களை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில், சந்தியில், சில நேரம் (சொல்லத்தான் வேண்டும்) ஆசிரியர் ஓய்வறையில் கேட்டவை. ஒரு ஆசிரியர் வகுப்பில் "உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் ஏறாது" என்று ஒருமுறை சொன்னால், அந்த வகுப்புக்கு அது வருடம் முழுக்க அனுமதிப்பத்திரம்.

சரி, எங்கே தொடங்குவது? காசு செலவில்லாத இரண்டு விஷயம். ஒன்று, பாடசாலையின் வரைபடத்தை ஒரு தாளில் கீறி, தரம் 6 இலிருந்து 9 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். பெயர் எழுதவேண்டாம். எங்கே போகப் பயமாக இருக்கிறதோ அங்கே சிவப்பு, எங்கே நிம்மதியாக இருக்கிறதோ அங்கே பச்சை. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சிவப்பெல்லாம் நாலைந்து இடங்களில் குவிந்திருக்கும். நான் பார்த்தவற்றில் தண்ணீர்க் குழாயடி, மலசலகூடத்துக்குப் போகும் பாதை, சைக்கிள் கொட்டில், பஸ் நிற்குமிடம், பிறகு ஆசிரியர் இல்லாமல் கிடக்கும் ஏதாவது ஒரு வகுப்பு. சில இடங்களில் நீங்கள் எதிர்பாராத ஒரு அறையில் சிவப்பு விழும், அங்கே பயம் மாணவர்களால் வருவதில்லை. அந்தத் தாள்களை அதிபருக்குத் தனியாகக் காட்டுங்கள், கூட்டத்தில் விரிக்காதீர்கள்.

இரண்டாவது, வரவு இடாப்பு. ஒருமுறை ஒரு தரம் 7 பெடியனின் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் முழுக்க ஒழுங்காக வருகிறான், செவ்வாயும் வியாழனும் மட்டும் ஓட்டை. வயிற்றுக்குத்து என்று தாய் கடிதம் கொடுத்திருந்தா. வகுப்பாசிரியர் பெடியனைக் கள்ளன் என்றே முடிவெடுத்துவிட்டார். நேர அட்டவணையை எடுத்துப் பார்த்தால், அந்த இரண்டு நாளும் தரம் 10 க்குக் கடைசிப் பாடவேளை விளையாட்டு. மணி அடிக்கும் முன்பே அவர்கள் சைக்கிள் கொட்டிலுக்கு வந்துவிடுவார்கள். இவனுடைய சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டு, வால்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இவன் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாலு கிலோமீற்றர் வெயிலில் உருட்டிக்கொண்டு போனால் வீடு சேர மூன்று மணி, ஏன் பிந்தினாய் என்று அங்கேயும் அடி. அவன் யாரிடமும் சொல்லவில்லை, கேட்டபோதும் முதலில் சொல்லவில்லை, "காத்துப் போயிட்டுது மிஸ்" என்றான். செய்ததெல்லாம் இவ்வளவுதான்: விளையாட்டுப் பாடவேளையைக் காலைக்கு மாற்றினோம், தன் மோட்டார் சைக்கிளை அந்தக் கொட்டிலில் விடும் ஆசிரியர் ஒருவர் 1.30 மணி அடித்ததும் பத்து நிமிடம் அங்கே நின்றார். வரவு சரியாகிவிட்டது. பட்டம் தெளிப்பது நிற்கவில்லை, அதற்கு வேறு வேலை தேவைப்பட்டது. ஆனால் பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு ஏதாவது செய்யலாம், வராத பிள்ளைக்கு என்ன செய்வது?

ஆகவே உங்கள் வேலைத்திட்டத்தின் முதல் பக்கம் கடமைப் பட்டியலாக இருக்கட்டும். காலை 7 இலிருந்து 7.30 வரை, இடைவேளை, மணி அடித்த பிறகு 15 நிமிடம், சிவப்பு விழுந்த இடங்களில் யார் நிற்பது. ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், நியாயமும் இருக்கிறது, இடைவேளையில்தான் அவர்களும் சாப்பிடவேண்டும். அதிபரும் அந்தப் பட்டியலில் ஒரு நாள் நின்றால் முணுமுணுப்புப் பாதியாகும். இதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டது.

கண்டவுடன் என்ன செய்வது? எல்லா ஆசிரியரும் ஒரே மாதிரிச் செய்யவேண்டும், அதுதான் முக்கியம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், நடந்ததன் பெயரைச் சொல்லுங்கள், பாதிக்கப்பட்ட பிள்ளையை அங்கிருந்து எடுங்கள். விசாரணை பிறகு, தனியாக. எல்லார் முன்னாலும் இருவரையும் கைகுலுக்க வைத்து "இனிச் சண்டை பிடிக்கக்கூடாது" என்று அனுப்புவது எங்கள் பாடசாலைகளில் மிகப் பிரபலம், மிகக் கெட்டதும் அதுதான். சண்டைக்கு அது சரி. நான்கு பேர் ஒருவனைச் சேர்ந்து குத்தும் இடத்தில், கைகுலுக்கிவிட்டு வெளியே வந்ததும் "சொல்லிப்போட்டியோ?" என்று இரண்டாம் சுற்றுத் தொடங்கும். சுவீடனைச் சேர்ந்த அனடோல் பிக்காஸ் தந்த முறை ஒன்றை நான் பாவிக்கிறேன். குழுவில் உள்ளவர்களை ஒவ்வொருவராக, ஒரே நாளில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள இடைவெளி விடாமல் கூப்பிடுவது. குற்றம் சுமத்துவதில்லை. "அவனுக்குக் கொஞ்ச நாளாகப் பாடசாலையில் இருக்கக் கஷ்டமாக இருக்குது. நீ அவன்ர வகுப்புத்தானே, என்ன கண்டனீ?" முதலில் மழுப்புவார்கள். பொறுத்திருந்தால் ஒருவன், முதலில் கண்டதைச் சொல்லத் தொடங்கி, ஒத்துக்கொள்வான். "சரி, நீ என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அவனே ஒன்றைச் சொல்வான், பெரும்பாலும் சின்ன விஷயம், "இனி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை" என்பான். ஒரு கிழமை கழித்துத் திரும்பக் கூப்பிட்டுச் செய்தானா என்று பாருங்கள். அந்த இரண்டாவது சந்திப்பு இல்லாவிட்டால் முதலாவது வீண். இந்த முறையா, நேரடியாகக் கண்டித்துத் தண்டிப்பதா நல்லது என்பதில் ஆய்வுகள் ஒரு பக்கமும் உறுதியாகச் சாயவில்லை. கத்தி, இரத்தம், பாலியல் சம்பந்தமானது என்றால் இந்த முறையைத் தொடவே கூடாது.

மாணவத் தலைவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஃபாரிங்டனும் ட்டோஃபியும் 2009 இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் சக மாணவர்களை நடுவராக, ஆலோசகராக, காவலாக வைத்த திட்டங்களில் துன்பப்படுவது கூடியிருந்தது. பிந்திய ஆய்வில், பதவி எதுவும் கொடுக்காமல் முறைசாராமல் சேர்த்தால் நன்மை என்று வந்தது. இது இன்னும் முடியாத விவாதம். என் பக்கத்தைச் சொல்கிறேன்: எங்கள் பாடசாலைகளில் மாணவத் தலைவர் என்பவர் ஏற்கெனவே ஒரு சின்ன அதிகாரி. பிந்தி வந்தவனை முழங்காலில் இருத்துவதும், சில இடங்களில் அடிப்பதும் அவர்கள்தான். அவர்களிடம் துன்புறுத்தல் தடுப்பு என்ற இன்னொரு பட்டியையும் குத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவர்களைத் தரம் 6 பிள்ளைகளோடு பஸ்ஸடி வரை நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர்க் குழாயில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் எழுதும் வேலை, விசாரிக்கும் வேலை வேண்டாம்.

பிரம்பு. இதைத் தொடாமல் எழுதினால் முழுப் பதிலும் பொய். கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 சுற்றறிக்கைகள் உடல் தண்டனையைத் தடைசெய்கின்றன. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. சட்டம் இவ்வளவு தெளிவு. ஓய்வறையில் பிரம்பு இன்னும் இருக்கிறது, பெற்றோரே "நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று சொல்கிறார்கள். உகண்டாவில் 42 ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த ஒரு பரீட்சையில், ஆசிரியர்களோடும் முழுப் பாடசாலையோடும் ஒன்றரை வருடம் வேலை செய்தபின், கடந்த கிழமை ஆசிரியரிடம் அடிவாங்கியதாகச் சொன்ன பிள்ளைகள் 31 சதவீதம், திட்டம் இல்லாத பாடசாலைகளில் கிட்டத்தட்ட 49. ஆகவே பிரம்பைக் குறைக்கமுடியும் என்பது உறுதி. பிரம்பு குறைந்தால் பிள்ளைகளுக்கிடையில் துன்புறுத்தலும் அதே அளவு குறையும் என்று நான் சொல்லமாட்டேன், அது அவ்வளவு நேரடியாக இல்லை. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன் (மன்னிக்கவும், சொல் அப்படி வந்துவிட்டது): தன்னைத் துன்புறுத்துபவனைக் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு முட்டியில் அடி விழும், அந்த அடி பின்னேரம் தனக்குத் திரும்பி வரும் என்று தெரிந்த பிள்ளை உங்களிடம் வாய் திறக்காது. சொல்லாத பிள்ளைக்கு எந்தத் திட்டமும் உதவாது.

பெற்றோர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டத்தை மாசி, பங்குனியில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள், அறுவடை. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாய் கிழமை நாளில் வரமுடியாது. ஞாயிறு பின்னேரம், அரை மணித்தியாலம், "உங்கட பிள்ளை செய்தது" என்று தொடங்காமல், எழுதிய விதியையும் யாரிடம் சொல்வது என்பதையும் சொல்லி முடியுங்கள். துன்புறுத்தும் பிள்ளையின் பெற்றோரைத் தனியாகக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட அன்று வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அடி விழாமல் இருக்க என்ன செய்வது என்றும் அவர்களோடு பேசுங்கள்.

போனில் நடப்பது தனிக் கேள்வியாக எழுதவேண்டியது. இப்போதைக்கு இதுமட்டும்: வகுப்பு வட்ஸ்அப் குழுவில், டிக்டொக்கில் நடப்பதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பகலில் வகுப்பில் செய்யும் அதே ஆட்கள்தான், ஆகவே தனித் திட்டம் தேவையில்லை. அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், போனைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வகுப்பில் துன்புறுத்தல் குறைந்த பிறகும் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு நிலைமை முன்பைவிட மோசமாகலாம். பின்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். முன்பு எல்லாருக்கும் நடந்தது, இப்போது எனக்கு மட்டும் நடக்கிறது, ஆகவே பிழை என்னில்தான் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதும் நாளில்தான் அந்தப் பிள்ளையைத் தேடவேண்டும். உங்கள் தரம் 8 பெடியன் திரும்பி வந்தால் அவனுக்கு இடைவேளையில் கூட இருக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நண்பன் ஒருவன் இருந்தாலே பாதிச் சுமை குறையும்.

சாவைப் பற்றிப் பேசும் பிள்ளை, தன்னைக் கீறிக்கொள்ளும் பிள்ளை, பாலியல் துன்புறுத்தல், எலும்பு முறிவு: இவை பாடசாலைத் திட்டத்துக்குள் அடங்காது, ஒழுக்காற்றுக் குழுவுக்குள்ளும் அடங்காது. பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் மறைக்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, இரவில் என்றால் மனநல உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1926. நான் உட்பட எந்த ஆலோசனை ஆசிரியருக்கும் இவற்றைத் தனியாகத் தாங்கும் பயிற்சி கிடையாது.

கடைசியாக அந்த நிறுவனம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கேட்பதை மாற்றுங்கள். ஒரு மழைக்குக் குளம் நிரம்பாது என்று அவர்களுக்கும் தெரியும், அவர்களுக்கு வேண்டியது அறிக்கைக்குப் படம். பதாகைக்கும் ரீசேட்டுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய காசை ஒருவரின் கொடுப்பனவாக மாற்றமுடியுமா என்று கேளுங்கள். ஊரிலேயே உயர்தரம் முடித்த, பிள்ளைகளோடு பழகத் தெரிந்த பெண்ணோ பெடியனோ ஒருவர், கிழமைக்கு இரண்டு நாள், ஒரு வருடம், பீகாரில் செய்ததுபோல். நியமனத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும், யாரையும் தனியறையில் பிள்ளையோடு பூட்டி விடமுடியாது, மேற்பார்வை யார் என்பதும் எழுதப்படவேண்டும். பீகாரில் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன, இரண்டு நாள் என்ற குறைந்த அளவில் அதே பலன் வருமா என்பது கேள்விக்குறி. அதுவும் முடியாது என்றால் இரண்டாவது தண்ணீர்க் குழாய் ஒன்று கேளுங்கள். 300 பிள்ளைக்கு ஒரு குழாய் என்றால் இடைவேளையில் அங்கே வரிசை, வரிசையில் தள்ளு, தள்ளுக்குள்தான் மற்றதெல்லாம். வரைபடத் தாள் எப்படிக் கீறுவது, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவேண்டுமென்றால் இங்கேயே கீழே கேளுங்கள், நான் பாவிக்கும் வாசகங்களை எழுதிவிடுகிறேன்.